மணி அடிக்காத விடுதி: ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) உள்ள ஒரு பொறியியல் மாணவிக்கு அளித்த பயிற்சித் துணை

இந்த நிகழ்வு ஆய்வு, மாணவியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன் எழுதப்படுகிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியோ மாற்றியோ இருக்கிறேன். நான் கல்லூரியின் மாணவர் ஆலோசனை மையத்தில் பகுதிநேரமாகப் பணியாற்றுகிறேன், மருத்துவர் அல்ல. நோயறிதலும் மருந்தும் மனநல மருத்துவரின் பொறுப்பில் இருந்தன. அன்றாடப் படிப்பு வேலைகள் நடப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்வதும் அவற்றைத் தொடர்ந்து கவனிப்பதும் என் பொறுப்பு.

பின்னணி

மாணவிக்கு வயது 19. தமிழகத்தின் மேற்கு மாவட்டம் ஒன்றில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரியில் மின்னணுவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். தந்தை கூலிக்கு நெய்யும் சிறிய விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறார். தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இந்த மகள்தான். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில் சேர்ந்து, விடுதியில் தங்கியிருந்தார்.

பிளஸ் டூவில் 600க்கு 561 மதிப்பெண். நாமக்கல் வட்டாரத்தில் உள்ள உறைவிடப் பள்ளி ஒன்றில் படித்தவர். கல்லூரிக்கு வந்த பிறகு முதல் பருவத்தில் ஒரு தாளிலும் இரண்டாம் பருவத்தில் மூன்று தாள்களிலும் அரியர் விழுந்தது. இரண்டாம் பருவ வருகைப்பதிவு 68 விழுக்காடு. 75 இருக்க வேண்டிய இடத்தில் அது போதாததால், மருத்துவச் சான்றிதழ் கொடுத்துத்தான் தேர்வெழுத அனுமதி வாங்கியிருந்தார். அந்தச் சான்றிதழில் இருந்த காய்ச்சல் உண்மையிலேயே வந்ததா என்று கல்லூரியில் யாரும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

மூன்றாம் பருவத்தின் ஐந்தாவது வாரத்தில் வகுப்பு ஆலோசகர் அவரை என்னிடம் அனுப்பினார். உடன் வந்த குறிப்பு: “நன்றாகப் படிக்கக்கூடிய மாணவி. முயற்சி இல்லை. அலட்சியம்.”

முதலில் கவனித்தவை

எப்படிப் படிக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள் என்று கேட்டால் மாணவர்கள் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். அதனால் அந்தக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த சந்திப்புக்குப் பையை அப்படியே எடுத்து வரச் சொன்னேன். ஆய்வகத்தில் அன்றன்று எழுதும் அப்சர்வேஷன் நோட்டு முழுமையாக இருந்தது; அளவீடுகள் சரியாக இருந்தன, ஒரு வரைபடத்தின் ஓரத்தில் கருவியில் இருந்த பிழையைக்கூடக் குறித்திருந்தார். ஆனால் அதையே பார்த்துத் திருத்தமாக எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டிய ரெக்கார்டு நோட்டு மூன்றாவது சோதனையோடு நின்றுபோயிருந்தது. இரண்டு ஆய்வகங்களிலும் அதே நிலை. ரெக்கார்டு முடித்துக் கையெழுத்து வாங்காமல் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது என்பது பொறியியல் படித்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அடுத்து அரியர் தாள்கள். தோற்றுப்போன ஒரு தாளின் விடைத்தாள் நகலை அவர் பல்கலைக்கழகத்திடமிருந்து ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். வாங்கிய உறையைப் பிரித்துப் பார்க்கும் தைரியம் மட்டும் வரவில்லை. இருவருமாகப் பிரித்தோம். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண்: பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள், ஒரு பதினைந்து மதிப்பெண் வினா. பதின்மூன்று மதிப்பெண் வினாக்களில் முதல் இரண்டுக்குப் பக்கம் பக்கமாக, பாடநூலே வெட்கப்படும் அளவுக்கு விரிவான விடைகள். மூன்றாவது பாதியில் நின்றிருந்தது. நான்காவதும் ஐந்தாவதும் பதினைந்து மதிப்பெண் வினாவும் தொடப்படவே இல்லை. தொட்ட இடத்தில் எல்லாம் மதிப்பெண் விழுந்திருந்தது.

ஒரு பதின்மூன்று மதிப்பெண் விடையை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். “கால் மணி நேரம், மேடம்” என்றார். அங்கேயே எழுதச் சொல்லி நேரம் பார்த்ததில் 38 நிமிடம் ஆனது. கடிகாரத்தைக் காட்டியபோது அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். மணி பார்க்கத் தெரியாதவர் அல்லர். நேரம் கழிவதை உள்ளுக்குள் உணரும் திறன்தான் அவரிடம் பலவீனமாக இருந்தது. ஏடிஹெச்டி பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதை நேரக் குருட்டுத்தன்மை என்று வர்ணிப்பார். ஏடிஹெச்டி உள்ளவர்களிடம், என்ன செய்யவேண்டும் என்ற அறிவில் குறைவில்லை, அறிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் தடை என்பது அவருடைய வாதம். அந்த விடைத்தாளைப் பார்த்த பிறகு எனக்கு அதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

உறைவிடப் பள்ளி நாட்களைப் பற்றி அவர் சொன்னதுதான் மொத்தக் கதைக்கும் திறவுகோல். விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். குளிக்க, சாப்பிட, படிக்க, தூங்க எல்லாவற்றுக்கும் மணி. செல்போன் கிடையாது. தினம் ஒரு தேர்வு, அன்றே திருத்தம், மறுநாள் காலை மதிப்பெண். “அங்கே நான் எதையும் தொடங்க வேண்டிய தேவையே இல்லை, மேடம். மணி அடிக்கும், உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்துவிட்டால் படித்துவிடுவேன்.” அந்தப் பள்ளிகளின் கெடுபிடியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனாலும் இந்தப் பெண்ணிடம் பலவீனமாக இருந்த ஒரு திறனை அந்தப் பள்ளி வெளியிலிருந்து செய்து கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் அந்தப் பலவீனம் அங்கே யார் கண்ணிலும் படவில்லை.

மருத்துவ மதிப்பீடு

ஏடிஹெச்டி அறிகுறிகளுக்கான, உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பச் சொன்னேன். அது மேற்கொண்டு பார்க்கவேண்டுமா என்று சொல்லும் கருவி மட்டுமே. நோயறிதலுக்கு அது போதாது. விடைகள் தெளிவாக இருந்ததால் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன்.

மருத்துவர் முதலில் வேறு காரணங்களைத் தேடினார்: தைராய்டு, இரத்தசோகை, தூக்கம், மனச்சோர்வு. இலேசான இரத்தசோகை இருந்தது. அதற்குத் தனியாக மருந்து கொடுத்தார். அடுத்து குழந்தைப் பருவத்தைப் பற்றி விசாரித்தார். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் கையேட்டின்படி, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் தெரிய வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒன்பதில் ஐந்து அறிகுறிகளாவது பொருந்த வேண்டும். கல்லூரியில் திடீரென்று முளைத்த சிக்கல் என்றால் அது வேறு எதுவாகவோ இருக்கும்.

தாயை வரவழைத்துக் கேட்டபோது, ஆரம்பப் பள்ளியில் ஒரே ஆண்டில் எத்தனை டிபன் பாக்ஸ் தொலைந்தது என்று அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வருவாள். கூப்பிட்டால் காது கேட்காதவள்போல் இருப்பாள் என்று காதுப் பரிசோதனைகூடச் செய்தோம். ஆனால் குறும்பு கிடையாது, சத்தமே போடமாட்டாள் என்றார். வகுப்பில் ஓடித் திரிந்து ஆசிரியரைத் தொல்லைப்படுத்தும் பையனை யாராவது கவனிப்பார்கள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை ‘நல்ல பிள்ளை’ என்று விட்டுவிடுவார்கள். முடிவில், கவனக்குறைவு மேலோங்கிய வகை ஏடிஹெச்டி என்று மருத்துவர் உறுதிசெய்தார்.

ஏடிஹெச்டிக்குக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தைப் பரிந்துரைத்தபோது தந்தை தயங்கினார். “பழகிவிடுமா, டாக்டர்?” என்ற அவருடைய கேள்விக்கு மருத்துவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். ஒரு மாதம் கழித்து மாணவியே முடிவெடுத்து மருந்தைத் தொடங்கினார். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து என்பதால் எல்லாக் கடைகளிலும் கிடைக்கவில்லை; ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பசி குறைந்ததால், மெஸ்ஸில் காலை உணவை முடித்துவிட்டு மாத்திரை எடுப்பது என்று மருத்துவர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, டியூஷன் வேண்டாம் என்பது. “எந்தப் பாடம் என்று சொல்லுங்கள், எவ்வளவு ஆனாலும் டியூஷன் வைத்துவிடலாம்” என்று தந்தை சொன்னார். பாடம் தெரியும் என்பதற்கு விடைத்தாளே சாட்சி. தெரிந்ததையே இன்னொரு முறை சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தால் பணமும் மாலை நேரமும் போவதுதான் மிச்சம்.

இரண்டாவது, முதல் மூன்று வாரங்களுக்கு ரெக்கார்டு நோட்டைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்பது. அரியர், வருகை, தூக்கம், செல்போன் என்று எல்லாமே சரியில்லாதபோது எல்லாவற்றுக்கும் அட்டவணை போடத் தோன்றும். மாணவியே அப்படி ஒரு அட்டவணையோடுதான் வந்தார். ஆறு நிறப் பேனாக்களால் இரண்டு இரவுகள் உட்கார்ந்து வரைந்தது. பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நாள் அதைக் காணவில்லை. ரெக்கார்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதில் வேலையின் அளவு எண்ணக்கூடியது, முடிந்ததா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை, முடிக்காவிட்டால் பருவமே போய்விடும்.

எங்கே எழுதுவது என்பதுதான் முக்கியமாக இருந்தது. விடுதி அறைக்குப் போய் எழுதுகிறேன் என்று ஓராண்டாகச் சொல்லி வந்தவர் அவர். ஆய்வகப் பொறுப்பாசிரியரிடம் பேசி, வகுப்பு முடிந்ததும் அதே மேசையில் 40 நிமிடம் இருந்து எழுத அனுமதி வாங்கினோம். ஆய்வக உதவியாளர் கருவிகளை அடுக்கிவைத்துக்கொண்டு அங்கேயே இருப்பார். எதுவும் கேட்கமாட்டார், கண்காணிக்கவும் மாட்டார். பக்கத்தில் இன்னொருவர் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தாலே போதும், இவர்களுக்குத் தொடங்குவது எளிதாகிறது. அன்று செய்த சோதனையை அன்றே எழுதுவது, அதோடு பழைய சோதனை ஒன்று, கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கதவைத் தாண்டுவது என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது, வாரம் ஒரு மணி நேரச் சந்திப்புக்குப் பதிலாகத் தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு. ஒரு வாரம் என்பது அவருடைய கணக்கில் முடிவில்லாத தூரம். அடுத்த சந்திப்புக்கு முந்தைய இரவுதான் எல்லாம் நினைவுக்கு வரும். பேச்சில் மூன்று கேள்விகள் மட்டும்: இன்றிரவு எதைத் தொடங்கப்போகிறீர்கள், எந்த இடத்தில், கையில் எடுக்கும் முதல் பொருள் எது? தொடங்கியவுடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பவேண்டும். முடித்தபின் அனுப்பச் சொல்லவில்லை. முடிந்ததா என்று கேட்டால் முடியாத நாட்களில் ஒளிந்துகொள்வார். தொடங்கியதைக் கேட்டால் ஒவ்வொரு நாளும் வெல்ல வாய்ப்பு இருக்கிறது.

படிப்பு நேரத்தையும் மணிக்கணக்கோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டினோம். “எட்டரைக்குப் படிக்கத் தொடங்குவேன்” என்பது ஒரு நாளும் நடக்கவில்லை. “மெஸ்ஸில் தட்டைக் கழுவி வைத்ததும் அறைக்குப் போகாமல் நேராகப் படிப்பறைக்குப் போவேன்” என்பது பெரும்பாலும் நடந்தது. புத்தகப்பையைச் சாப்பாட்டுக்கே எடுத்துக்கொண்டு போனதால், அறைக்குப் போக ஒரு சாக்கு குறைந்தது.

செல்போனைப் பிடுங்கிவிடலாம் என்று தந்தையும் வார்டனும் ஒரே குரலில் சொன்னார்கள். அதை ஏற்கவில்லை. மணி அடிக்கும் பள்ளியை மறுபடி கட்டிக் கொடுத்தால் நான்காம் ஆண்டு முடிந்ததும் அதே பள்ளத்தில்தான் விழுவார். படிப்பறை நேரத்தில் போனை வார்டன் அறையில் சார்ஜ் போட்டுவிட்டு வருவது என்று மாணவியே முடிவு செய்தார். தொடங்கிய செய்தியை அனுப்பிவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டுப் போவார்.

தேர்வு நேரத்தைப் பொறுத்தவரை, கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாமா என்று முதலில் பார்த்தோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது. ஏடிஹெச்டி தனியாக இல்லை. இவருக்குக் கற்றல் குறைபாடு கிடையாது. ஆகவே அந்த வழியை விட்டுவிட்டு, இருக்கும் மூன்று மணி நேரத்தைப் பங்கிடப் பழகினோம். காலை பத்து மணித் தேர்வென்றால் சிறு வினாக்கள் 10.30 வரை, பதின்மூன்று மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் 24 நிமிடம், 12.30-க்கு பதினைந்து மதிப்பெண் வினா. கடைசிப் பத்து நிமிடம் விட்டதை நிரப்ப. நேரம் வந்ததும் வாக்கியம் பாதியில் இருந்தாலும் அரைப் பக்கம் இடம் விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட வேண்டும். பாதியில் விடுவது அவருக்கு உடல் வலிபோல் இருந்தது. டிஜிட்டல் கடிகாரத்தை மாற்றி முள் கடிகாரம் கட்டச் சொன்னேன். முள் நகர்ந்த தூரம் கண்ணுக்குத் தெரியும்.

தந்தையோடு நடந்த பேச்சு

“பள்ளிக்கூடத்தில் படித்தவள்தானே, இங்கே மட்டும் என்ன வந்தது?” என்று தந்தை கோபமாகக் கேட்டார். வகுப்பு ஆலோசகரின் குறிப்பைவிட இது நல்ல கேள்வி. பள்ளியில் வெளியிலிருந்து என்னென்ன கிடைத்தது, இங்கே எது இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “தறியில் இழை அறுந்தால் ஆள் நின்று முடிச்சுப் போட்டால்தான் ஓடும். ஆள் இல்லாமல் தறியைத் திட்டி என்ன பண்ண?” என்றார். பிறகு வந்த பெற்றோர் சிலரிடம் அவர் சொன்னதையே நான் பயன்படுத்தியிருக்கிறேன். மகளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரத்திலிருந்து, மதிப்பெண் கேட்டுத் தினமும் அடித்துக்கொண்டிருந்த போன் வாரம் இருமுறையாகக் குறைந்தது.

தீபாவளி விடுமுறையும் சறுக்கலும்

ரெக்கார்டு வேலை எதிர்பார்த்ததைவிட வேகமாக நடந்தது. மூன்று வாரம் முடிவதற்குள் ஒரு ஆய்வகத்தின் பாக்கி தீர்ந்தது. அடுத்ததாக, அரியர் தாள் ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் ஒரு வாரத்துக்கு மேல் தங்கிவிட்டார். தொலைபேசியை எடுக்கவில்லை. திரும்பி வந்த பிறகும் எடுக்கவில்லை. இரண்டாவது ஆய்வகத்தின் ரெக்கார்டு கையெழுத்தாகிவிட்டது என்று செய்தி அனுப்பினார். பொறுப்பாசிரியரிடம் கேட்டபோது நோட்டே வரவில்லை என்றார். நேரில் சந்தித்தபோது பொய்யைப் பற்றி விசாரணை நடத்தவில்லை. நோட்டை மேசைமேல் வைத்து, எந்தச் சோதனையில் நிற்கிறது என்று மட்டும் பார்த்தோம். அங்கேயே முதல் பக்கத்தை எழுதத் தொடங்கினார். அழுதுகொண்டேதான் எழுதினார். சிறு வயதிலிருந்து ‘ஏன் செய்யவில்லை’ என்ற கேள்விக்கு உண்மையான பதில் தம்மிடமே இல்லாதவர்கள், எதிரில் இருப்பவர் நம்பும்படியான ஒரு பதிலைச் செய்துகொடுக்கப் பழகியிருப்பார்கள். பொய் சொல்லத் தேவையே வராதபடி ஏற்பாட்டை மாற்றுவது பொருத்தமாகப் பட்டது: செய்திக்குப் பதிலாக, அன்று எழுதிய பக்கத்தின் படம், எழுதாத நாளில் வெற்றுப் பக்கத்தின் படம். வெற்றுப் பக்கம் வந்தாலும் மறுநாள் அதே மூன்று கேள்விகள்தான்.

இன்னொரு சிக்கல் அறைத்தோழியிடமிருந்து வந்தது. காலையில் எழுப்புவது, வகுப்புக்கு இழுத்துப் போவது எல்லாவற்றையும் அவர் தாமாக ஏற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள், “நான் இவளுக்கு வார்டனா?” என்று வெடித்துவிட்டார். நியாயமான கோபம். எழுப்பும் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, தளப் பொறுப்பிலிருந்த விடுதிப் பணியாளரிடம், மாணவியின் வேண்டுகோளின்படி, காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டச் சொல்லி ஏற்பாடு செய்தோம்.

விளைவு

மூன்றாம் பருவ முடிவில் இரண்டு ரெக்கார்டுகளும் கையெழுத்தாயின. இரண்டு செய்முறைத் தேர்வுகளிலும் தேர்ச்சி. ஆறு எழுத்துத் தாள்களில் ஐந்தில் தேறினார். பழைய நான்கு அரியர்களில் இரண்டு தீர்ந்தன. ஆகக் கையில் மூன்று அரியர். வருகை 78 விழுக்காடு. தேறாத தாளிலும் எல்லா வினாக்களையும் தொட்டிருந்தார். அந்தப் பாடத்தின் கடைசி இரண்டு அலகுகளை அவர் படிக்கவே இல்லை; இது நேரச் சிக்கல் அல்ல, எல்லா மாணவர்களுக்கும் வரும் சாதாரணத் தோல்வி. அதைக் கேட்டு அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

நான்காம் பருவத்தில் பேச்சு வாரம் மூன்று முறை, பிறகு ஒரு முறை என்று குறைந்தது. பருவ முடிவில் மீதி இருந்தது ஒரு அரியர். காலை முதல் வகுப்பு இன்றுவரை தகராறாகத்தான் இருக்கிறது. கதவைத் தட்டுவதும் பாதி நாள்தான் பலித்தது.

இந்த முன்னேற்றத்தில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு துணையால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரெக்கார்டு வேலை மருந்துக்கு முன்பே ஓடத் தொடங்கியது. எழுதும்போது மனம் அலைவது குறைந்ததை மருந்துக்குப் பிறகுதான் மாணவி உணர்ந்தார். “மாத்திரை உட்கார வைக்கிறது, ஆனால் எந்த நோட்டின் முன்னால் என்று அது சொல்வதில்லை” என்றார்.

மாற்றப்படுபவை

விடைத்தாள் நகலையும் நோட்டுகளையும் பார்ப்பதை இனி எல்லா மாணவர்களுக்கும் முதல் சந்திப்பிலேயே வைத்திருக்கிறோம். விடுமுறைக்குப் போகும் முன், அந்த நாட்களுக்கான தனி ஏற்பாடு எழுதப்படும்: வீட்டில் யாரிடம் பேசுவது, எதை மட்டும் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது. யாருக்கு என்ன சொல்லலாம் என்ற ஒப்புதலை மாணவரிடம் தொடக்கத்திலேயே தனித்தனியாக வாங்குகிறோம். ஆய்வகப் பொறுப்பாசிரியருக்கு நோயின் பெயர் தெரியவேண்டியதில்லை, 40 நிமிட மேசை போதும். அறைத்தோழர்களிடம் எந்தப் பொறுப்பையும் கொடுப்பதில்லை.

துறைத் தலைவர்களிடம் ஒரு கோரிக்கையும் வைத்திருக்கிறேன். பிளஸ் டூவில் உயர்ந்த மதிப்பெண்ணோடு உறைவிடப் பள்ளியிலிருந்து வந்து, முதலாண்டிலேயே இரண்டுக்கு மேல் அரியர் வைத்தவர்களின் பட்டியலை இரண்டாம் பருவ முடிவு வந்ததும் மையத்துக்கு அனுப்பவேண்டும் என்பது. அவர்கள் எல்லோருக்கும் ஏடிஹெச்டி இருக்காது. வீட்டு ஏக்கம், ஆங்கிலவழிப் பாடம், காதல், கடன் என்று காரணங்கள் பல. ஆனால் ‘அலட்சியம்’ என்று எழுதுவதற்கு முன் யாராவது ஒருவர் அவர்களின் பையைத் திறந்து பார்த்துவிடுவார். மூன்று துறைகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

மாணவி அடுத்து உள்ளகப் பயிற்சிக்கு ஒரு நிறுவனத்துக்குப் போகவேண்டும். அங்கே மெஸ், படிப்பறை, ஆய்வக மேசை எதுவும் இருக்காது. தட்டைக் கழுவியதும் படிப்பறை என்ற இடத்தில் எதை வைப்பது என்று அவரே இரண்டு யோசனைகளை எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். ஒன்றை முதல் வாரத்தில் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு.